எக்ஸ்பி கணினியும் புது சர்வரும்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. 2021 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் கோப்புகளைப் போட்டுவைக்கும் பழைய ஃபைல் சர்வரைக் கழற்றிவிட்டு, உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட புது சர்வரை மாட்டினேன். பெயர், ஐபி முகவரி, ஃபோல்டர்கள், கடவுச்சொற்கள் எல்லாம் பழையபடியே. மாலை ஆறு மணிக்கே வேலை முடிந்துவிட்டது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஏழரைக்கு நூல் பரிசோதனைக் கூடத்திலிருந்து போன். "சனிக்கிழமை வரை ஓடியது. நீங்கள்தானே தம்பி கை வைத்தீர்கள்?" என்றார் அங்கு பொறுப்பில் இருந்த அக்கா. பதில் சொல்ல எதுவும் இல்லை.

அங்கே நூலின் சீர்மையை அளக்கும் கருவியோடு ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கணினி இணைந்திருக்கிறது. ஷிஃப்ட் முடியும்போது அறிக்கையைச் சர்வரில் போடும். கருவியின் மென்பொருள் எக்ஸ்பியைத் தாண்டி வராது. இப்போது அந்தத் திரையில், பிணையத்தில் அப்படி ஒரு பெயரே இல்லை என்று ஒரு செய்தி. இருக்கிறாயா என்று கேட்கும் பிங் கட்டளையை அடித்தால் சர்வர் உடனே பதில் சொல்கிறது. கேபிளை மாற்றினேன், சுவிட்சில் போர்ட்டை மாற்றினேன். ஒரு மணி நேரம் வீண்.

விஷயம் வேறு. விண்டோஸ் கணினிகள் கோப்பு பகிரப் பேசும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். அதில் பழையதும் புதியதுமாகப் பல பதிப்புகள். இரண்டு கணினிகள் கோப்பு பகிர்வதற்கு முன்னால், "எனக்கு இந்தந்தப் பதிப்புகள் தெரியும்" என்று ஒன்று பட்டியல் நீட்டும். மற்றது அதில் தனக்கும் தெரிந்த உயர்ந்த பதிப்பைத் தேர்ந்தெடுக்கும். எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 மட்டுமே. லினக்ஸ் சர்வரில் எஸ்எம்பி பேசும் மென்பொருளான சாம்பாவோ 2019இல் வந்த 4.11 முதல் எஸ்எம்பி 2க்குக் கீழே பேசுவதில்லை, நாமாக அமைப்பை மாற்றிச் சொன்னாலொழிய. பொதுப் பதிப்பு இல்லாததால் பேச்சு அங்கேயே முறிகிறது. "பதிப்பு ஒத்துவரவில்லை" என்று திரை ஒரு வரி சொல்லியிருந்தால் நான் கேபிளைத் தொட்டே இருக்க மாட்டேன்.

முன்கூட்டியே பார்க்காமல் இல்லை. பழைய சர்வரில் எஸ்எம்பிஸ்டேட்டஸ் கட்டளையை இரண்டு நாள் ஓட்டி, யார் எந்தப் பதிப்பில் பேசுகிறார்கள் என்று குறித்துவைத்திருந்தேன். ஆனால் அது அந்த நொடியில் இணைந்திருப்பவர்களை மட்டுமே காட்டும். நான் பார்த்ததெல்லாம் பகல் பதினொரு மணிக்கு. பரிசோதனைக் கூடம் வருவதோ ஷிஃப்ட் மாறும்போது. கணக்குப் பிரிவின் ஜெராக்ஸ் இயந்திரமும் இப்படித்தான் தப்பியது. ஸ்கேன் செய்தால் ஃபோல்டருக்குப் போகவில்லை என்று புதன்கிழமைதான் தெரிந்தது. நல்லவேளை, அதில் எஃப்டிபி என்ற வேறு வழியில் கோப்பு அனுப்பும் வசதி இருந்தது. பத்து நிமிட வேலை.

எக்ஸ்பிக்காகப் புது சர்வரில் எஸ்எம்பி 1ஐத் திறந்துவிட்டால் ஒரே வரியில் முடிந்திருக்கும். மேலாளரும் அதையே சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியது அந்தப் பழைய பதிப்பை விண்டோஸ் கையாளும் விதத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான். எங்கள் சர்வர் லினக்ஸ், அந்த ஓட்டை அதில் இல்லை என்பது சரிதான். ஆனாலும் ஆலையின் மொத்தக் கணக்கும் இருக்கிற இடத்தில், ஒரே ஒரு கணினிக்காகப் பழைய கதவைத் திறந்துவைப்பானேன்?

மூலையில் கிடந்த ஒரு சிறிய கணினியில் லினக்ஸும் சாம்பாவும் போட்டு, அதில் மட்டும் பழைய பதிப்பை அனுமதித்தேன். அதையும் எக்ஸ்பியையும் பிணையத்தில் தனியாகப் பிரித்தேன். கால் மணிக்கு ஒருமுறை புது சர்வர் அதிலிருந்து அறிக்கைகளை எடுத்துக்கொள்ளும். அப்படியும் எக்ஸ்பி திரும்பத் திரும்பக் கடவுச்சொல்லைக் கேட்டது. கடவுச்சொல்லை நிரூபிக்க அது அனுப்பும் பழைய என்டிஎல்எம் வகைச் சரிபார்ப்பைச் சாம்பா ஏற்பதில்லை. எக்ஸ்பியின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எல்எம் கம்பாட்டிபிலிட்டி லெவல் என்ற மதிப்பை 3 ஆக்கி, புதிய வகைச் சரிபார்ப்பை அனுப்பச் சொல்லி, மறுதொடக்கம் செய்த பிறகுதான் ஃபோல்டர் திறந்தது. அப்போது மணி இரவு எட்டு.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்குப் பரிசோதனைக் கருவி, எக்ஸ்பி, அந்தச் சிறு பெட்டி மூன்றுக்கும் அக்கா சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். பூட்டிய அறையிலிருந்த புது சர்வருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.