அப்பாவிடம் சொல்லிவிட்டோம்

அப்பாவின் நோய் முதுகுவலி என்ற பெயரில்தான் வீட்டுக்குள் வந்தது. கும்பகோணம் பக்கத்து அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 76. எலும்பு மருத்துவர் தேய்மானம் என்று சொல்லி வலி மாத்திரையும் இடுப்புப் பட்டையும் கொடுத்தார். வலி அடங்கவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வேறு வாங்க ஆரம்பித்தது. தஞ்சாவூரில் பார்த்த பொது மருத்துவர்தான் முதலில் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 7.9, குறைவு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 2.1, அதிகம். "எழுபதைத் தாண்டியவருக்கு முதுகுவலி, ரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு மூன்றும் சேர்ந்து வந்தால் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது" என்றார். வலி மாத்திரையை அன்றே நிறுத்தினார். டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் தளர்ந்த சிறுநீரகத்தை இன்னும் கெடுத்துவிடும். வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்கள் இதை அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பிறகு ரத்தத்திலுள்ள புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை, முதுகெலும்புக்கு ஸ்கேன், எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை. மஜ்ஜை எடுக்கும்போது நான் கூடவே இருந்தேன். அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடுப்பின் பின்பக்க எலும்பு மேட்டில் மரத்துப்போக ஊசி போட்டார்கள். தடித்த ஊசி உள்ளே போகும்போதுகூட அவர் அசையவில்லை. மஜ்ஜையை உறிஞ்சிய அந்தக் கணத்தில் மட்டும் என் விரல்களை நெரித்துவிட்டார். அதற்கு மரத்துப்போகும் ஊசி கேட்காது என்று செவிலியர் முன்கூட்டியே சொல்லியிருந்தது எவ்வளவோ உதவியாக இருந்தது.

மல்டிபிள் மைலோமா என்று முடிவு வந்தது. நோய் எதிர்ப்புப் புரதம் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் மஜ்ஜைக்குள் கட்டுமீறிப் பெருகும் புற்றுநோய் அது. எலும்பை அரிக்கும், ரத்தம் ஊறவிடாது, உதவாத ஒரு புரதத்தைக் கொட்டிச் சிறுநீரகத்தை அடைக்கும்.

அன்று இரவு வீட்டில் எல்லோரும் அடிக்குரலில்தான் பேசினோம். அத்தை, "அண்ணனிடம் சொல்லாதே, மனசு விட்டுவிடுவார்" என்று அழுதார். தம்பியும் சென்னையிலிருந்து போனில் அதையே சொன்னான். எனக்கு ஒப்பவில்லை. சிகிச்சைக்கு வாராவாரம் போக வேண்டிய கட்டடத்தின் வாசலில் 'புற்றுநோய் மருத்துவப் பிரிவு' என்று பெரிய எழுத்தில் பலகை இருக்கிறது. நாற்பது ஆண்டு பாடம் நடத்தியவரை அந்தப் பலகையைப் படிக்காதது போல நடிக்க வைப்பதா? அவர் உடம்பைப் பற்றிய சேதியை அவரைத் தவிர வீடு முழுவதும் வைத்துக்கொண்டிருப்பது அன்பாகவே இருக்கலாம். அது அவரைத் தனியாக்கிவிடும் என்பதுதான் என் பயம். அம்மா போன பிறகு அவர் பேச்சே குறைந்துபோயிருந்தது. அத்தையிடம் நெடுநேரம் பேசித்தான் சம்மதம் வாங்கினேன்.

புற்றுநோய் மருத்துவர் என்னைப் பார்த்துப் பேசாமல் அப்பாவைப் பார்த்தே கேட்டார்: "ஐயா, உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?"

"முழுக்கச் சொல்லுங்கள்" என்றார் அப்பா.

மருத்துவர் ஒரு தாளில் எலும்பை வரைந்து விளக்கினார். குணமாகுமா என்று அப்பா கேட்டார். "முற்றிலும் தீராது. சர்க்கரை நோய் போல மருந்தால் அடக்கி வைக்கலாம், பெரும்பாலானவர்களுக்கு முதல் சிகிச்சை நன்றாகக் கேட்கும்" என்று பதில் வந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியானால் மறைக்க ஒன்றுமில்லை, அம்மாடி, என் தங்கையிடம் சொல்லிவிடு" என்றார் என்னிடம். வண்டியில் திரும்பும்போது அழுதார், நானும் அழுதேன். அதன் பிறகு வீட்டில் யாரும் அடிக்குரலில் பேசவில்லை.

பணத்துக்கு ஓய்வூதியர் மருத்துவக் காப்பீடு கைகொடுத்தது. ஓய்வூதியத்தில் மாதாமாதம் ஒரு தொகை பிடித்தம் செய்வது அதற்குத்தான். ஓய்வூதியக் கொடுப்பாணை நகலையும் அடையாள அட்டையையும் எப்போதும் பையிலேயே வைத்திருங்கள். உள்நாட்டு ஜெனரிக் மருந்துகள் இருப்பதால், கையிலிருந்து வாங்க வேண்டியிருந்தவையும் தாங்கும்படி இருந்தன.

புற்றுநோய்க்கு வாரம் ஒருமுறை வயிற்றுத் தோலடியில் போர்டிசோமிப் ஊசி. கூடவே லெனலிடோமைடு மாத்திரை, டெக்ஸாமெத்தசோன் (டெக்ஸா) என்ற ஸ்டீராய்டு. லெனலிடோமைடு 21 நாள் சாப்பிட்டு 7 நாள் விட வேண்டும். சிறுநீரகத்துக்கு ஏற்ப அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள். அக்கி வராமலிருக்கத் தனி மாத்திரை. டெக்ஸா நாளில் அப்பாவுக்குப் பொட்டுத் தூக்கம் இருக்காது, சர்க்கரையும் ஏறும். காலை உணவோடு கொடுக்க ஆரம்பித்த பின் இரவுகள் சற்றுத் தேவலை. எலும்பை உறுதியாக்கும் சொலெட்ரானிக் ஊசி, கிரியேட்டினின் இறங்கிய பிறகே தொடங்கியது. அதற்கு முன்பு பல் மருத்துவரிடம் காட்டி ஆடிய பல்லை எடுத்துவிட்டோம். இந்த ஊசி போடும் காலத்தில் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு.

அப்பா ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி, மருந்து, எடை, வலி எல்லாவற்றையும் தானே கட்டம் போட்டு எழுதினார். அதில் ஒருநாள், "பாதத்தில் எரிச்சல். செருப்பு கழன்றது தெரியவில்லை" என்ற வரி இருந்தது. போர்டிசோமிப் நரம்பைத் தாக்கும், மரமரப்பு வந்தால் உடனே சொல்லுங்கள் என்று மருத்துவர் அவரிடமே சொல்லி வைத்திருந்தார். தன் நோயின் பெயரே தெரியாதவராக இருந்திருந்தால் வயதாகிவிட்டது என்று எண்ணிப் பேசாமல் இருந்திருப்பார். நோட்டைப் பார்த்த மருத்துவர் ஊசியின் அளவைக் குறைத்தார். எரிச்சல் தணிந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை.

இப்போது ஹீமோகுளோபின் 10.8. ரத்தத்தில் அந்த உதவாத புரதமும் நன்றாக இறங்கியிருக்கிறது. தம்பி மகளின் திருமணத்துக்குச் சென்னை போக வேண்டும் என்று அப்பா கேட்டார். முதுகெலும்பு குலுங்கக் கூடாது, பஸ் வேண்டாம், ரயிலில் போங்கள் என்றார் மருத்துவர். உழவன் எக்ஸ்பிரஸில் அவருக்குக் கீழ்ப் படுக்கை எடுத்தாகிவிட்டது.