துரியோதனன் படுக்காத வருஷம்

மார்ச் 24, 2020
கொரோனாவால் சாயங்காலம் 6 மணியிலிருந்து 144 தடை உத்தரவு. கூத்து வாத்தியாரான அப்பாவுக்குச் செய்யாறு பக்கத்து ஊர்ப் பெரியவர் போன் செய்தார். திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் பத்து ராத்திரி கூத்து பேசி, தாம்பூலம் மாற்றிப் பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்தவர். "வாத்தியாரே, கொடியேத்தவே விடமாட்டாங்களாம்." அட்வான்ஸ் பற்றி அவரும் கேட்கவில்லை, அப்பாவும் வாய் திறக்கவில்லை.

மார்ச் 29
எங்கள் ஜமாவின் (கூத்துக் குழுவின்) வரும்படி பங்குனியில் ஆரம்பித்து ஆடியோடு சரி. செலவோ தை மாசமே வந்துவிடும். வேஷக்காரர், மத்தளம், முகவீணை, ஆர்மோனியம் என்று பதினாலு பேருக்கும் முன்பணம் கொடுத்தால்தான் வேறு ஜமாவுக்குப் போகமாட்டார்கள். கூத்தாடிக் கழிக்க வேண்டிய காசு அது. ஆட்டமே இல்லாதபோது எதில் கழிப்பது? அம்மாவின் வளையல் அடகில் இருக்கிறது.

ஏப்ரல் 14
சித்திரை ஒன்று. நான் கட்டியக்காரன், கூத்தின் கோமாளி. இந்நேரம் தொண்டை கட்டியிருக்க வேண்டும். சும்மா இருக்க முடியாமல் பெட்டியைத் திறந்தேன். கிரீடம், தோளில் கட்டும் புஜக்கட்டை எல்லாம் கல்யாண முருங்கை மரம். தக்கை மாதிரி லேசு, விடிய விடிய சுமக்கலாம். பூச்சிக்கும் அதுதான் பிடிக்கும் போல. கர்ணன் கிரீடத்தின் பின்பக்கம் விரலால் தொட்டதும் மாவு கொட்டியது. வேப்பெண்ணெய் தடவி வெயிலில் வைத்தேன். கண்ணாடிச் சில்லு மூன்று உதிர்ந்துவிட்டது. பசை வாங்கக் கடை இல்லை. அம்மா பழைய சோற்றை மசித்துக் கொடுத்தாள். ஒட்டிக்கொண்டது.

மே 7
மதுக்கடை திறந்துவிட்டார்கள். வரிசையில் எங்கள் பாஞ்சாலியும் நின்றாராம், மீசையோடு. இருபது வருஷமாகப் பெண் வேஷம் கட்டுகிறவர். சீசனில் மழித்த முகம்தான். கேட்டதும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

மே 20
பீமன் வேஷக்காரர் செங்கல் சூளைக்குப் போகிறார். முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லி ஐந்நூறு ரூபாய் கொண்டுவந்தார். அப்பா வாங்கவில்லை. "நீ இதைக் கொடுத்துட்டா அடுத்த வருஷம் எனக்கு யாரு பீமன்?" என்றார். கடன் இருந்தால்தான் ஆள் இருப்பான் என்பது அப்பாவின் கணக்கு. எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. ஆனால் அந்த மனுஷர் நிம்மதியாகத் திரும்பிப் போனதைப் பார்த்தேன்.

ஜூன் 3
பெரியவர் மறுபடி கூப்பிட்டார். துரியோதனன் சாகும் கூத்து நடக்கும் படுகளத்தில், மண்ணால் செய்த துரியோதனன் படுக்காத வருஷத்தை அவர் பார்த்ததே இல்லையாம். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்: "அட்வான்ஸ் அங்கேயே இருக்கட்டும் வாத்தியாரே, வர்ற பங்குனிக்குக் கழிச்சுக்கலாம். ஆனா பேசின தொகைதான், ஏத்தக் கூடாது."

அப்பா சரி என்றார். நோட்டில் 2021 என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.