பேனாவைத் தொடாதே

2009-ல் அமெரிக்காவில் புள்ளியியல் முதுகலை படித்தபோது கைச்செலவுக்கு ஒரு வேலை கிடைத்தது. பல்கலைக்கழக ஃபுட்பால் அணிப் பையன்களுக்கு ட்யூஷன் எடுக்க வேண்டும். நம்மூர் கால்பந்து இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, பந்தைக் கையில் அணைத்தபடி ஒருவர்மேல் ஒருவர் மோதுகிற ஆட்டம். முதல் நாளே ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பாடத்தை விளக்கலாம், வேறு கணக்குப் போட்டுக் காட்டலாம். மாணவனின் தாளில் ட்யூட்டரின் எழுத்து ஒன்றுகூட இருக்கக் கூடாது.

எனக்கு வந்தவனுக்குப் பத்தொன்பது வயது. கால் மேசைக்கடியில் அடங்காது, பக்கவாட்டில்தான் உட்காருவான். இடது முழங்காலில் ஐஸ் பையை வைத்து பிளாஸ்டிக் தாளால் சுற்றியிருப்பார்கள். இரவு எட்டரைக்கு வருவான். ஒன்பதுக்கு ஐஸ் உருகித் தரையில் சொட்டும். நான் திட்டவிலக்கத்தை விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குக் கண் செருகும். மக்கு இல்லை. மூன்றாவது ‘டவுனில்’ (பந்தை முன்னேற்றக் கிடைக்கிற நாலு வாய்ப்பில் மூன்றாவது) எதிரணி எத்தனை முறை பந்தை எறியும், எத்தனை முறை தூக்கிக்கொண்டு ஓடும் என்று சதவீதமாகவே சொல்வான். ஒருநாள் அதையே நிபந்தனை நிகழ்தகவுக்கு உதாரணமாக எடுத்தேன். என்னைவிட வேகமாகப் போட்டான். அப்புறம் தூங்கிவிட்டான்.

எங்கள் இருவருக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. மாணவர் விசாவில் இருந்த நான் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. கல்லூரி விளையாட்டுகளைக் கட்டுப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி அவனுக்கும் பயிற்சி வாரத்துக்கு 20 மணி நேரம்தான். என்னுடையதை நிமிஷக் கணக்கில் பார்த்தார்கள். அவனுடையதில் பயண நேரம் சேராது, காயத்துக்கு வைத்தியம் பார்க்கிற நேரம் சேராது, ‘விருப்பப்பட்டு’ செய்கிற உடற்பயிற்சி சேராது. ஆட்ட நாள் முழுக்கப் போனாலும் கணக்கில் 3 மணி நேரம். விருப்பம் இல்லை என்று சொல்லிப் பார்த்தவன் யாரையும் நான் சந்திக்கவில்லை.

அந்த அக்டோபரில், பழைய படங்கள் போடும் சேனலில் ‘சாட்டர்டேஸ் ஹீரோ’ பார்த்தேன். 1951-ல் வந்த படம். நியூஜெர்சி மில் ஊரிலிருந்து ஃபுட்பால் ஸ்காலர்ஷிப்பில் தெற்கே ஒரு கௌரவமான கல்லூரிக்குப் போகிற குடியேறிகள் வீட்டுப் பையனாக ஜான் டெரெக். அவனுக்கு நிஜமாகவே படிக்க ஆசை. அதை ஊக்குவிக்க ஒரு பேராசிரியர் இருக்கிறார், ஆனால் ஆட்டம் நேரத்தைத் தின்றுவிடுகிறது. பின்னால் நின்று ஆட்டுவிக்கிற பணக்காரப் பழைய மாணவராக சிட்னி பிளாக்மர். காயம் பட்டதும் பையனால் யாருக்கும் பிரயோஜனமில்லை. படம் வந்த அதே ஆண்டில்தான் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில் தேர்வுக் கேள்விகளைக் கைமாற்றியதற்காக எண்பதுக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். அதில் பலர் ஃபுட்பால் அணிக்காரர்கள்.

நல்ல படம்தான், ஆனால் ஒரு குறை. கெட்டவன் யார் என்று பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது. எங்கள் கட்டடத்தில் அப்படி ஒருவரும் இல்லை. எல்லோரும் தங்கமான மனிதர்கள்.

நவம்பரில் ஒரு வியாழன். மறுநாள் காலை அணி வெளியூர் கிளம்புகிறது, நள்ளிரவுக்குள் அசைன்மென்ட் கொடுத்தாக வேண்டும். ஐந்தில் நாலு கணக்கு முடித்துவிட்டான். ஐந்தாவது ஒரு கை-ஸ்கொயர் (chi-square) சோதனை அட்டவணை. பத்தேமுக்காலுக்கு மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து, “முடிஞ்சுதா?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இவன் தலை மேசையில் கிடந்தது. அவன் பேனாவையே எடுத்து, அவன் எழுதுகிற மாதிரி 7-க்குக் குறுக்கே கோடு போடாமல், கடைசிப் பத்தியை நிரப்பினேன். எட்டு எண்கள். அன்றைய அறிக்கையில் ‘மாணவர் தாமாகவே முடித்தார்’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பாவம், தூங்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

2014-ல் வட கரோலினா பல்கலைக்கழகம் பற்றி விசாரணை அறிக்கை வந்தது. வகுப்பே நடக்காத பாடங்கள், 18 ஆண்டுகள், 3,100-க்கும் மேற்பட்ட மாணவர்கள். பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் விளையாட்டு வீரர்கள். பல ஆண்டுகள் அந்தத் தாள்களுக்கு மதிப்பெண் போட்டது ஒரு துறை அலுவலக ஊழியர். திண்டாடுகிற பிள்ளைகள் மேல் இரக்கப்பட்டுத் தொடங்கியதாம். செய்தியைப் படித்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்த எட்டு எண்கள் ஞாபகம் வந்தன.

அந்த நவம்பர் வெளியூர் ஆட்டத்திலேயே என் மாணவனுக்கு முழங்கால் தசைநார் அறுந்துபோனது. அப்போதெல்லாம் ஸ்காலர்ஷிப் ஓராண்டுக்குத்தான். நீட்டிப்பதும் நீட்டிக்காததும் கோச் கையில். கோடைக்கு அப்புறம் அவன் பெயர் பட்டியலில் இல்லை. அந்தப் பாடத்தில் பி மைனஸ் வாங்கியிருந்தான்.

ஆனால் அவனுடைய இரவு எட்டரை மணி இடம் கோடை வரைகூடக் காத்திருக்கவில்லை. அடுத்த வாரமே அந்த நாற்காலிக்கு வேறொரு பையன் வந்தான், வலது தோளில் ஐஸ் பை. ஜனவரியில் புதுப் பருவத்துக்கு அதே படிவத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். மணிக்கு 11 டாலர்.