இஸ்திரிப்பெட்டி பீங்கானா?

ஜப்பானில் சின்ன ஊர்களின் அருங்காட்சியகப் பொருள்களைப் படம் பிடித்துக் கணினிப் பட்டியலில் ஏற்றுகிற வேலையில் சில வருடம் இருந்தேன். வாளும் கவசமும் முன்கூடத்துக் கண்ணாடிக்குள் இருக்கும், அவற்றைப் படம் எடுக்காதவர்களே கிடையாது. எங்களிடம் வந்ததெல்லாம் ஊர்க்காரர்கள் தாத்தா வீட்டைக் காலி செய்தபோது கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன சாமான்கள்.

அதில் ஓர் இஸ்திரிப்பெட்டி. எதனால் ஆனது என்ற கட்டத்தில் 'பீங்கான்' என்று பதிந்தேன், சரிபார்ப்பவர் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, யாரும் இரும்பு என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அது பீங்கானேதான், உள்ளே வெந்நீர் ஊற்றித் தேய்க்கிற வகை. சீனாவுடனான போர் இழுத்துக்கொண்டே போக, வீட்டு இரும்பும் செம்பும் ஆயுதத்துக்குத் தேவைப்பட்டன. 1941-இல் உலோகம் திரட்ட ஆணையே போட்டார்கள். கோயில் மணிகள் போயின, இறந்துபோன எஜமானருக்காக டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் வருடக்கணக்கில் காத்திருந்த ஹச்சிகோ நாயின் சிலைகூட உருக்கப்பட்டது (இப்போது எல்லோரும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வது 1948-இல் வைத்த புதுச் சிலை). பொத்தான் முதல் அடுப்பு வரை உலோகம் இருந்த இடத்துக்கெல்லாம் சுட்ட மண் வந்தது, கடைசியில் கையெறி குண்டுக்குக்கூட. 1945-இல் பீங்கான் நாணயமும் செய்து பார்த்தார்கள், புழக்கத்துக்கு விடுவதற்குள் போர் முடிந்துவிட்டது.

கூட வேலை பார்த்த மூத்தவர் ஒருவர் எந்தக் கிண்ணத்தையும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார். மேலே சாதாரணப் பச்சைக் கோடு. அடியில் கிஃபு வட்டாரத்தைக் குறிக்கும் ஓர் எழுத்து, பக்கத்தில் ஓர் எண். பாத்திர உற்பத்தியை அரசு கட்டுப்படுத்திய காலத்தில் சூளைகளுக்குக் கொடுத்த எண் அது. சோற்றுக் கிண்ணத்துக்கு அடி வரைக்கும் அரசாங்கம் வந்து உட்கார்ந்திருந்தது என்பதை எந்த வாளும் சொல்லாது, அதனால் முன்கூடத்தில் இந்தக் கிண்ணங்களை வைக்க வேண்டும் என்பது என் கட்சி. யாரும் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

போருக்குப் பிறகு எல்லாம் தலைகீழ். விமான அலுமினியம் வாணலியானது, ராணுவ எஃகுத் தொப்பி கைப்பிடி வைத்த பானையானது. அப்படி ஒரு பானையும் எங்களிடம் வந்தது. 'வகை' கட்டத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், சரிபார்ப்பவர் 'ராணுவம்' என்றார். நான் 'சமையல்' என்று போட்டேன், அடியில் அவ்வளவு கரி பிடித்திருந்ததே.