லண்டனில் வீட்டிலிருந்து பலகார வியாபாரம்: பதிவு செய்த அனுபவம்

வீட்டில் சுட்ட பலகாரத்தை ஒழுங்காகக் காசுக்கு விற்பதென்றால் இங்கே கவுன்சிலில் பதிய வேண்டும். இதைக் கேட்டதுமே எங்கள் பெண்கள் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். நானும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள்தான். ஆங்கிலக் கடிதம் வந்தால் யாரிடமாவது கொடுத்து வாசிப்பிப்பேன்.

முதலில் விசாவைப் பாருங்கள். ஸ்டூடன்ட் விசாவில் சுயதொழிலுக்கு அனுமதி இல்லை, அகதி விண்ணப்பம் முடிவாகாதவர்களுக்கும் இல்லை. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

பதிவு இலகு. விற்கத் தொடங்க 28 நாட்களுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் இல்லை, மறுக்கவும் மாட்டார்கள். பிள்ளைகள் படுத்த பிறகு, அரசாங்க இணையப் பக்கத்தைப் போனிலேயே தமிழுக்கு மாற்றி, ஒவ்வொரு கேள்வியாக நிரப்பினேன். யாருடைய நேரத்துக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய விடுதலை.

கஷ்டம் லேபலில். வீட்டில் பக்கற் பண்ணி நாங்களே சந்தை ஸ்டோலில் விற்றால், 2021 ஒக்டோபரிலிருந்து முழுச் சேர்மானப் பட்டியலும் பக்கற்றில் இருக்க வேண்டும். சட்டம் குறிப்பிடும் 14 ஒவ்வாமைப் பொருட்களில் எது சேர்ந்தாலும் அதைத் தடித்த எழுத்து போன்ற ஏதாவது விதத்தில் தனித்துத் தெரியக் காட்ட வேண்டும். 2016இல் நடாஷா என்ற 15 வயதுப் பிள்ளை, கடையில் வாங்கிய பாணில் எள்ளு இருப்பது தெரியாமல் சாப்பிட்டு இறந்த பிறகு வந்த சட்டம் இது. அதை வாசித்த பிறகு எந்த லேபலையும் நான் அவசரத்தில் அடித்ததில்லை.

தட்டைவடையில் கோதுமை மா, முறுக்கில் எள்ளு: இவை தெரிந்தவை. மிக்சருக்குப் போடும் பெருங்காயத்தூளிலும் கோதுமை மா கலந்திருப்பதைப் போன் கமராவால் டப்பாவை வாசித்தபோதுதான் கண்டேன். கடுகும் அந்த 14இல் ஒன்று. ஆனால் போனின் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி லேபல் அடிக்காதீர்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவர் கடைசியாக ஒருமுறை பார்க்கட்டும், ஏனென்றால் இது உயிர் விசயம். ஃபூட் ஸ்டான்டர்ட்ஸ் ஏஜென்சி என்ற அரசாங்க உணவுப் பாதுகாப்பு அமைப்பு ஒவ்வாமை பற்றி இணையத்தில் இலவசப் பயிற்சி தருகிறது, கட்டாயம் செய்யுங்கள்.

கவுன்சில் பரிசோதகர் குசினிக்கு வந்து மூன்று விசயம் பார்ப்பார்: உணவைக் கையாளும் சுத்தம், இடத்தின் நிலை, எழுத்துப் பதிவுகள். இவற்றை வைத்துத்தான் 0 முதல் 5 வரை மதிப்பீடு. முதல் இரண்டிலும் எங்கள் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பயம் மூன்றாவதில். அன்றன்று செய்ததைத் தமிழில் போனுக்குச் சொல்லி, அது தரும் ஆங்கிலத்தைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிவந்தேன். பரிசோதனையன்று அந்தக் குறிப்பேடுதான் எனக்குத் துணை.

காசு கார்ட் ரீடர் மூலம் நேரே என் கணக்குக்கு வருகிறது. வருட மொத்த வரவு 1,000 பவுணைத் தாண்டுவதால் வரித் திணைக்களத்திலும் பதிந்துவிட்டேன். இப்போது வட்ஸ்அப் ஓடரும் எடுக்கிறேன். இப்படி நேரில் வராமல் போனிலோ இணையத்திலோ தரும் ஓடரென்றால் ஒவ்வாமை விபரத்தை வாங்க முதலே ஒருதரமும், பொதி கைக்குச் சேரும்போது இன்னொருதரமும் கொடுக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பலகாரப் படத்தின் கீழும் முழுப் பட்டியலைப் போட்டிருக்கிறேன்.