ஜுஜுட்சு பழக விரும்பும் வன்னிப் பிள்ளைகளுக்கு

அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற தம்பி தங்கச்சிமாரும் வவுனியாப் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் இதை ஒருக்கால் வாசியுங்கள். கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) ஓரளவு தெரியும் என்றால், அதே வேலையைச் செய்யும் ஜுஜுட்சு (Jujutsu) என்ற மென்பொருளையும் உங்கள் கணினியில் போட்டுப் பாருங்கள்.

2019இல் மார்ட்டின் வொன் ஸ்வைக்பெர்க் தன் சொந்த ஆர்வத்தில் தொடங்கிய திட்டம் இது. ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. எனக்கு மிகப் பிடித்தது, இது பயத்தைப் போக்கும் விதம்தான். கோட்டும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் களஞ்சியத்தில் செய்கிற ஒவ்வொரு செயலும் பதிவாகிறது. மாற்றங்களை வரலாற்றில் வேறிடத்துக்கு நகர்த்தும் ரீபேஸ் குழம்பினால் 'ஜேஜே அன்டூ' (jj undo) என்று அடித்தால் போதும், முந்தைய நிலை திரும்பிவிடும். மாற்றங்கள் ஒன்றோடொன்று மோதிக் கான்ஃப்ளிக்ட் வந்தாலும் வேலை நிற்காது. அதைக் கொமிட்டுக்குள்ளேயே, அதாவது பதிந்த மாற்றத்துக்குள்ளேயே, வைத்துக்கொண்டு பிறகு ஆறுதலாகத் தீர்க்கலாம். முதன்முதலாகக் குழுவாகக் கோட் எழுதுகிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

உள்ளே கிட் களஞ்சியமே இருப்பதால் கோட் பகிரும் கிட்ஹப் தளத்துக்கு வழக்கம்போல அனுப்பலாம். குழுவில் மற்றவர்கள் மாறவே தேவையில்லை.

கிட் 2005இலிருந்து இருக்கிறது, எந்தச் சிக்கலுக்கும் தேடினால் விடை கிடைக்கும். ஜுஜுட்சுவுக்கு அந்த வசதி குறைவு, கட்டளைகளும் அவ்வப்போது மாறுகின்றன. டிஸ்கோர்ட் அரட்டைத் தளத்தில் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சப்பட்டே ஒதுங்குகிற கெட்டிக்காரப் பிள்ளைகள் எங்களிடம் நிறையப் பேர். அவர்களுக்காகத் தொடக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். பாவித்துப் பழகியவர்கள் பிழை பார்த்துத் தாருங்கள். மல்லாவி, புதுக்குடியிருப்பு, எங்கிருந்தாலும் சரி, சந்தேகங்களைக் கீழே தமிழிலேயே கேளுங்கள்.