எங்கள் மலைக் கல்லில் தங்கிய தண்ணீர்

மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிரஷர் ஏறிவிட்டது. நாளைக் காலை வரை பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்கள். அன்று இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டுப் பொருத்தனை பண்ணினேன். ஆண்டவரே, இரண்டு உயிரையும் தாரும், சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிற மரியாள் ஆலயத்து ஞானஸ்நானத் தொட்டியருகே பிள்ளையோடு நின்று ஸ்தோத்திரம் சொல்கிறேன் என்று.

அந்த ஆலயம் ஏன் வாயில் வந்தது என்றால், அம்மாதான் காரணம். அம்மாவின் அப்பா பல்லாவரத்தில் கல் உடைத்தவர். "அந்தத் தொட்டி நம்ம மலைக் கல்லும்மா, ஒரு தடவை தொட்டுப் பார்க்கணும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்து, பார்க்காமலே போய்விட்டார்.

பிள்ளைக்கு எங்கள் சபையிலேயே ஞானஸ்நானம் ஆனது. அப்புறம் ஒரு ஞாயிறு, பல்லாவரத்தில் ரயில் ஏறிக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினோம். ஆட்டோக்காரர் ஒருவர் வாய்க்கு வந்த காசைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தப்பான பக்கம் இறக்கிவிட்டார். பச்சைப் பிள்ளையோடு அந்த வெயிலில் மதிலைச் சுற்றி நடந்தது இன்னும் ஆறவில்லை. உள்ளே போனால் தொட்டியைச் சுற்றி ஒரு கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறது. ஜெபிக்க வந்தவர்களுக்குக் கொஞ்சம் வழி விடக் கூடாதா?

1680-இல் பிரதிஷ்டையான ஆலயம். நாலடி கனத்துச் சுவர், குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று கட்டிய கூரை. கல்கத்தாவோடு சேர்த்துப் பேசப்படும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் மூன்று பெண்கள், மேரி, எலிசபெத், கேத்தரின், 1689 ஆகஸ்டில் ஞானஸ்நானம் பெற்றது இங்கேதான். அவர்களின் தாய் நம் நாட்டுப் பெண். கல்கத்தாவில் சார்னாக்கின் கல்லறைமேல் கிடப்பதும் பல்லாவரத்துக் கல்தான். அதை ஆராய்ந்த நிலவியல் அறிஞர் தாமஸ் ஹாலண்ட், சார்னாக் பெயரால் அந்த வகைக் கல்லுக்கே சார்னகைட் என்று பெயர் வைத்தார். அப்பனுக்குக் கல்லறை, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத் தொட்டி, இரண்டும் எங்கள் ஊர்க் கல்! இது அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லியிருப்பார்.

கூட்டம் நகர்ந்ததும் விளிம்பில் கை வைத்தேன். வெளியே அவ்வளவு அனல், கல் மட்டும் மண்பானை வயிறு மாதிரி குளிர்ந்திருந்தது. எண்ணெய் தடவினது போல ஒரு கருமினுக்கு. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த ஜெபம் ஒரு வார்த்தை வரவில்லை. தாத்தாவின் விரல்கள்தான் ஞாபகம் வந்தன. நகம் சிதைந்து, உளி பிடித்துக் காய்த்துப் போன விரல்கள். பேத்தி என் தோளிலிருந்து சரிந்து, உள்ளங்கையை விரித்து அந்தக் கல்லில் வைத்தாள். எடுக்கவில்லை. மகள் அழுதாள், நானும் அழுதேன். ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. இரண்டு உயிரையும் கொடுத்தீரே!

ஆலயத்தில் வேறு என்னென்ன பார்த்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திரும்பி வரும்போது ரயிலில்தான் பார்த்தேன், முந்தானையில் முடிந்து வைத்த காணிக்கைப் பணம் அப்படியே இருந்தது. சரி, அடுத்த ஞாயிறும் போகிறோம்.